நீந்தத் தெரியாத குழந்தையும் விடுமுறை விடுதியின் குளமும்: எதை முதலில் முடிவு செய்வது?

மே மாத விடுமுறையில் இரண்டு நாள் எங்காவது போய்வரலாம் என்று சென்னைக் குடும்பம் ஒன்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நிற்கும். உத்தண்டியிலிருந்து மாமல்லபுரம் வரை குளத்தோடு கூடிய வாடகை வில்லாக்களும் ரிசார்ட்டுகளும் நிறைய இருக்கின்றன. அவற்றின் விளம்பரப் படங்களில் முதலில் கண்ணில் படுவது குளம்தான். வீட்டில் நீந்தத் தெரியாத மூன்று, நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தை இருந்தால், அதற்கு எந்த மிதவையை வாங்குவது என்ற கேள்வி உடனே எழுகிறது. கையில் மாட்டும் காற்றுப்பட்டையா, இடுப்பு டியூபா, லைஃப் ஜாக்கெட்டா என்று விலை பார்த்து ஒன்றை வாங்கிப் பையில் வைத்தபின், பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. மிதவைகளையும் இங்கே ஒப்பிடத்தான் போகிறேன். ஆனால் அவற்றுக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்த வகை இடத்தில் தங்குவது, அங்கே குழந்தையை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டையும் தீர்மானிக்காமல் வாங்கும் மிதவை, விபத்து நடக்கும் நேரத்தில் பெரும்பாலும் குழந்தையின் உடம்பில் இருப்பதே இல்லை.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா ஆகிய மாநிலங்களில் நீச்சல் குளங்களில் மூழ்கிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அந்தக் குழந்தைகளில் 69 சதவீதத்தினர், அந்த நேரத்தில் குளத்திலோ குளத்தருகிலோ இருப்பார்கள் என்று யாருமே நினைத்திராதவர்கள். 77 சதவீதத்தினர் பெரியவர்களின் பார்வையிலிருந்து மறைந்து ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் ஆகியிருந்தது. பெரும்பாலானோர் அப்போது தாய் அல்லது தந்தையின் பொறுப்பில்தான் இருந்தார்கள். குளிக்கப் போகாத நேரத்தில், வீட்டுக்குள் விளையாடுவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, குழந்தை நீருக்குள் போயிருக்கிறது.

நம் நாட்டில் குழந்தைகளை அதிகம் பலிவாங்குபவை கிணறும் குட்டையும் ஏரியும் ஆறும்தான். நீச்சல் குளத்தைப் பற்றிய விரிவான ஆய்வுகள், வீட்டுக்கு வீடு குளம் வைத்திருக்கும் நாடுகளிலிருந்தே வந்திருக்கின்றன. ஆனால் கூடத்துக் கதவைத் திறந்தால் எட்டடியில் குளம் என்று கட்டப்பட்ட கோவளத்து வில்லாவுக்கும் ஃபுளோரிடாவின் வீட்டுக் குளத்துக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. எனவே அந்தப் பாடம் இங்கேயும் அப்படியே பொருந்தும் என்பது என் முடிவு.

மூழ்குதல் சத்தமில்லாமல் நிகழ்கிறது என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா, மூழ்குபவர்கள் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை என்பதைப் படம்பிடித்து ஆராய்ந்து காட்டினார். வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய் மேலே வரும் அந்தச் சிறு இடைவெளி மூச்சு விட்டு இழுக்கவே போதாது. குரல் கொடுக்க இடமே இல்லை. கைகள் தாமாகப் பக்கவாட்டில் விரிந்து நீரை அழுத்தும். தலை பின்னால் சாயும். இந்த நிலை 20 முதல் 60 நொடி வரைதான் நீடிக்கும்; சிறு குழந்தைகள் அந்த அளவின் கீழ்ப்பக்கத்தில் இருப்பார்கள். ஆகவே ‘ஏதாவது ஆனால் கத்துவான், ஓடிப் போய்விடலாம்’ என்ற நம்பிக்கையின்மேல் எந்த ஏற்பாட்டையும் கட்டக்கூடாது.

இடத்தை ஒப்பிடுவதற்கு முன் ஆழத்தைப் பற்றிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 103 சென்டிமீட்டர்; ஐந்து வயதில் 110. தலையின் உயரத்தை 20 சென்டிமீட்டர் என்று கழித்தால், ஐந்து வயதுக் குழந்தையின் முகவாய் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருக்கிறது. மூன்றடி என்பது 91 சென்டிமீட்டர். அதாவது ‘மூன்றடிதான், ஆழமே இல்லை’ என்று விடுதிக்காரர் சொல்லும் நீர், ஐந்து வயதுக் குழந்தைக்கு முகவாயளவு. நான்கு வயதுக் குழந்தைக்கு மூக்களவு. நான்கடி என்றால் 122 சென்டிமீட்டர், இருவருக்குமே தலைக்கு மேல். பல குளங்களின் தரை ஒரு முனையில் மூன்றடியில் தொடங்கி மறுமுனையில் ஐந்தடி வரை சரிந்து செல்கிறது. நுனிக்காலில் துள்ளித் துள்ளி நகரும் குழந்தையை அந்தச் சரிவே ஆழத்தை நோக்கி இழுத்துப்போகும், திரும்பி ஏறவும் விடாது.

இதே கணக்கைப் பெரியவர்களுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் நீந்தத் தெரியாத தாய்மார்கள் பலர். தந்தையருக்கும் அது பொருந்தும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தாய்க்கு நான்கடி நீர் ஏறத்தாழத் தோளளவு. அங்கே நின்றுகொண்டு குழந்தையைத் தூக்கிப் பிடிக்க முடியும். ஐந்தடி நீர், அதாவது 152 சென்டிமீட்டர், அவருடைய மூக்குக்கு மேலே போய்விடும். அந்த இடத்தில் குழந்தை தவறினால் காப்பாற்றப் போகும் தாயும் மூழ்குவார். இப்படி ஒருவரைக் காக்கப்போய் இருவர் போவது நம் ஊர்க் குளம் குட்டைகளில் திரும்பத் திரும்ப நிகழும் துயரம். எனவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது குழந்தையின் உயரத்தோடு, அதனுடன் நீரில் இறங்கப்போகிறவரின் உயரத்தையும் நீச்சலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி இடம். தேர்வுகள் மூன்று: தனிக் குளமுள்ள வில்லா, பொதுக் குளமுள்ள ரிசார்ட், குளமே இல்லாத தங்குமிடம்.

வில்லாவை மக்கள் விரும்புவதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், தாத்தா பாட்டி என்று பதினைந்து பேர் சேர்ந்தால் தலைக்கு வாடகை குறைகிறது, சொந்தமாகச் சமைத்துக்கொள்ளலாம், குளம் நமக்கு மட்டும் என்பதால் பெண்கள் கூச்சமின்றி இறங்கலாம். ஆனால் குழந்தையின் பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், மூன்றில் மிக மோசமான அமைப்பு இதுவே. வில்லாவைச் சுற்றி உயரமான மதில் இருக்கும், வாயிலில் பூட்டும் இருக்கும். அவை வெளியார் உள்ளே வராமல் தடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கும் குளத்துக்கும் இடையில் ஒரு கண்ணாடிச் சறுக்குக் கதவைத் தவிர வேறெதுவும் இருக்காது. வேலி பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒன்றுசேர்த்துப் பார்த்த மதிப்பாய்வு இந்த வேறுபாட்டைத்தான் அளந்தது: வீட்டையும் குளத்தையும் சேர்த்துச் சுற்றிய வேலியோடு ஒப்பிடும்போது, குளத்தை மட்டும் நான்கு பக்கமும் அடைக்கும் வேலி இருந்த இடங்களில் மூழ்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருந்தது. மிதவையோ அலாரமோ இதற்கு நிகரான பலனைத் தந்ததாக நான் படித்ததில்லை.

பிரான்ஸ் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2003 ஜனவரி 3 அன்று இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அங்கே தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், பாதுகாப்பு மூடி, கூண்டுக் கூரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கு இது 2004 மே 1 முதலே கட்டாயமானது. ஆஸ்திரேலியாவிலும் குளத்துக்குத் தனி வேலி சட்டப்படி வேண்டும்; உயரம் 1.2 மீட்டர், கதவு தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை வில்லாக்களில் அப்படி அடைக்கப்பட்ட குளத்தைக் காண்பது அரிது. படம் அழகாக விழ வேண்டும் என்பதற்காகவே குளம் திறந்து கிடக்கிறது. ஆகவே முன்பணம் கட்டும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குளத்துக்கென்று தனியாக வேலியும் பூட்டக்கூடிய கதவும் உண்டா என்பதுதான். ‘ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்’ என்பது அந்தக் கேள்விக்கான விடை ஆகாது. காவலுக்கு இருப்பவர் வாயிலைப் பார்ப்பார், மோட்டார் போடுவார், கடைக்குப் போய்வருவார். குளத்தைப் பார்ப்பது அவருடைய வேலையல்ல.

சில இடங்களில் குளத்தின்மேல் பிளாஸ்டிக் மூடி விரித்திருப்பதைக் காட்டுவார்கள். நீர்க்குமிழிகள் போல் புடைத்திருக்கும் அந்த மெல்லிய விரிப்பு, சூடு தங்கவும் தூசி விழாமலிருக்கவும் போடப்படுவது. குழந்தை அதன்மேல் கால் வைத்தால் அது அமிழ்ந்து உடலைச் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. திறந்த குளத்தைவிட அது மோசம். ஓரத்தில் இழுத்துக் கட்டப்பட்டு ஆள் எடையைத் தாங்கும் பாதுகாப்பு மூடி என்பது வேறு பொருள்.

ரிசார்ட்டில் குளம் பொதுவானது என்பதே அதன் நன்மை. அறையிலிருந்து குளத்துக்குப் போகச் சற்றுத் தொலைவு நடக்க வேண்டும். குளத்துக்கு நேரம் உண்டு, மாலை ஆறு ஏழு மணிக்குமேல் மூடிவிடுவார்கள். பல இடங்களில் ஒன்று அல்லது இரண்டடி ஆழத்தில் குழந்தைகளுக்கென்று தனித் தொட்டி இருக்கும். நைலான் உடை இல்லாமல் இறங்கக்கூடாது என்ற விதிகூட ஒரு வகையில் காப்புத்தான், ஏனென்றால் நனைந்த சேலையும் துப்பட்டாவும் காப்பாற்றப் போகிறவரின் காலைச் சுற்றிவிடும். ஆனால் எல்லா ரிசார்ட்டும் ஒன்றல்ல. தரைத்தள அறையின் பின்கதவைத் திறந்தால் நேரே குளம் என்று கூடுதல் வாடகைக்குத் தரப்படும் அறைகள், வில்லாவின் ஆபத்தை அப்படியே ரிசார்ட்டுக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. சிறு குழந்தையோடு போகிறவர்கள் மாடி அறையை, அதுவும் குளத்திலிருந்து தள்ளி, கேட்டு வாங்குவதே நல்லது. குழந்தைத் தொட்டியையும் கவலையற்ற இடமாக எண்ணிவிடக் கூடாது. இரண்டு மூன்று வயதில் தலை கனமாகவும் கழுத்து வலுவின்றியும் இருப்பதால், குப்புற விழுந்த குழந்தைக்கு ஓரடி நீரிலிருந்தும் தானே எழ முடியாமல் போகலாம்.

மூன்றாவது தேர்வை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. குளம் இல்லாத இடத்தில் தங்கி, ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் மட்டும் நல்ல குளம் ஒன்றுக்கு எல்லோருமாகப் போய்வருவது எளிது, செலவும் அதிகமில்லை. ஆபத்தை இரண்டு நாள் முழுக்கச் சுமப்பதற்குப் பதில், எல்லோரும் விழித்திருந்து கவனிக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. குழந்தைக்கு நான்கு வயதுக்குள் என்றால், அதுவும் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்ட துறுதுறுப்பான குழந்தை என்றால், இதையே முதல் தேர்வாகக் கொள்வேன். ஐந்து ஆறு வயதில், சொல்வதைக் கேட்டு நடக்கும் குழந்தைக்குத் தள்ளியிருக்கும் குளமும் நேரக் கட்டுப்பாடும் உள்ள ரிசார்ட் போதும். தனி வேலி இல்லாத வில்லாவை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஆறு வயதுக்குக் கீழே குழந்தை உள்ள குடும்பத்துக்கு என்னால் பரிந்துரைக்க முடியாது.

அடுத்தது, பார்ப்பவர் யார் என்பது. ரிசார்ட்டில் உயிர்காப்பாளர் இருக்கிறார் என்றால் அது பெரிய நன்மை. ஆனால் அவரை நம்பும் அளவு சரியாக இருக்க வேண்டும். தன் பகுதியைப் பத்து நொடிக்குள் கண்ணால் துழாவி, ஆபத்திலிருப்பவரை அடுத்த இருபது நொடிக்குள் அடைய வேண்டும் என்பது உயிர்காப்பாளர் பயிற்சியில் பரவலாகக் கற்பிக்கப்படும் விதி. விடுமுறை ஞாயிறில் முப்பது பேர் பந்தெறிந்து விளையாடும் குளத்தில் ஒரே ஆள் அதைச் செய்வது கடினம். அவரே துண்டு எடுத்துக் கொடுக்கவும் உடை விதியைச் சொல்லவும் அனுப்பப்பட்டால் அதுவும் இல்லை. அவர் இரண்டாவது காவல்தான். முதல் காவல் வீட்டு மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டு மனிதர் பார்ப்பதிலும் வகைகள் உண்டு. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது ஒன்று. நீருக்குள் இறங்கி, கையை நீட்டினால் குழந்தையைத் தொடும் தொலைவில் நிற்பது மற்றொன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் நீந்தத் தெரியாத சிறுவர்களுக்கு இரண்டாவதையே வலியுறுத்துகிறது. நம் கிராமங்களில் கிணற்றில் நீச்சல் பழக்கியவர்கள் இதைச் செய்துதான் வந்தார்கள்: முதுகில் சுரைக்குடுவையைக் கட்டிய பிறகும், இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைப் பெரியவர் தம் கையிலேயே வைத்திருந்தார். குடுவை மிதக்கும் என்று தெரிந்தும் கயிற்றை விடவில்லை. இன்றைக்குக் கயிற்றின் இடத்தில் கை இருக்க வேண்டும். அந்தக் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது.

கூட்டுக் குடும்பமாகப் போகும்போது கண்கள் அதிகம் என்பதால் பாதுகாப்பும் அதிகம் என்று தோன்றுவது இயல்பு. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. சித்தப்பா பார்ப்பார் என்று அத்தையும், அத்தை பார்ப்பார் என்று அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கும் வேளையில், யாரும் பார்க்காத ஒரு நிமிடம் உருவாகிவிடுகிறது. ‘அக்காவோடுதான் இருக்கிறான்’ என்று பத்து வயதுச் சிறுமியிடம் பொறுப்பைக் கொடுப்பது அவளுக்கும் செய்யும் அநீதி. மூழ்கும் குழந்தை தன்னைத் தூக்க வருபவரின் கழுத்தைப் பற்றி ஏறும், அந்த எடையைத் தாங்க அவளால் ஆகாது. முறை வைத்துப் பார்ப்பதே இதற்கு வழி. இருபது நிமிடத்துக்கு ஒருவர். அவர் அந்த நேரத்தில் பேசவும் மாட்டார், படம் எடுக்கவும் மாட்டார், மது அருந்தியிருக்கவும் மாட்டார். ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லி, முறை மாறும்போது அதைக் கைமாற்றினால், இப்போது யார் பொறுப்பு என்பதில் குழப்பம் வராது. வீட்டு ஆட்கள் முதலில் தயங்கலாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் முதல் முறையைத் தாமே எடுத்துக்கொண்டால் மற்றவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

குளியல் முடிந்து கரையேறும் நேரம் தனிக் கவனத்துக்குரியது. ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, எல்லோரும் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கப் போகும்போது, நீரில் மிதக்கும் பந்தைக் குழந்தை திரும்பிப் பார்க்கிறது. ஆகவே விளையாட்டுப் பொருள்கள் எல்லாவற்றையும் நீரிலிருந்து எடுத்து உள்ளே வைத்த பிறகே குளத்தைவிட்டு அகல வேண்டும். கடைசி ஆள் வெளியேறிக் கதவைத் தாழிடும் வரை விசில் ஒருவர் கழுத்தில் இருக்க வேண்டும்.

இப்போது மிதவைகளுக்கு வருவோம். இடுப்பில் மாட்டும் டியூப் ஒரு விளையாட்டுப் பொருள். குழந்தை முன்னே சாய்ந்தால் அது அப்படியே கவிழும். தலை நீருக்குள்ளும் கால் மேலேயும் மாட்டிக்கொண்டால் தானாகத் திரும்ப முடியாது. உள்ளே உட்காரும் இருக்கை வடிவ டியூபில் கால்கள் சிக்கிக்கொள்வதால் ஆபத்து இன்னும் அதிகம். கைக்குழந்தைகளுக்குக் கழுத்தில் மாட்டும் வளையத்தைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரிக்கை விடுத்தது. அதை வாங்கவே வேண்டாம்.

கையில் மாட்டும் காற்றுப்பட்டைகள் சற்று மேல். ஐரோப்பியத் தரமான இ.என். 13138 முத்திரை உள்ளவற்றில் இரண்டு காற்றறைகள் இருக்கும். ஒன்று ஓட்டையானாலும் மற்றொன்று தாங்கும். ஆனால் அந்தத் தரமே அவற்றை நீச்சல் பழகும் கருவி என்றுதான் வகைப்படுத்துகிறது. மூழ்குவதிலிருந்து காக்காது, இடைவிடாத மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்துக என்ற எச்சரிக்கை அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணெயோ சன்ஸ்கிரீனோ தடவிய கையிலிருந்து நழுவும். கையை மேலே தூக்கினால் உருவிக்கொண்டு வரும். மார்புப் பட்டையோடு இணைந்த கைப்பட்டை நழுவாது என்பதால் அதைவிட மேல்.

ஆழமான பகுதிக்கு அருகில் இருக்கப்போகும் குழந்தைக்கு என் தேர்வு, உடல் எடைக்கு ஏற்ற நுரை அடைத்த லைஃப் ஜாக்கெட். ஐ.எஸ்.ஓ. 12402 என்ற பன்னாட்டுத் தரத்தில் 50, 100, 150 என்று எண்கள் வரும்; அவை மிதக்கவைக்கும் விசையின் அளவைக் குறிப்பவை. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு உதவும் மிதவை. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும் என்று அதை நம்பக்கூடாது. 100ம் அதற்கு மேலும் உள்ளவை, கழுத்துப் பட்டையின் உதவியால் முகத்தை வானத்தை நோக்கித் திருப்பும்படி வடிவமைக்கப்பட்டவை. நீந்தவே தெரியாத குழந்தைக்கு 100தான் பொருத்தம். அதை அணிந்து துள்ளி விளையாடுவது கொஞ்சம் சிரமம் என்பதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. விடுதியில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்களின் அளவு. குழந்தைக்கு மாட்டி, எல்லாக் கொக்கிகளையும் பூட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது, நீரில் குழந்தை அதற்குள்ளிருந்து வழுக்கிக் கீழே போய்விடும். கால்களுக்கிடையே போகும் பட்டை இருப்பதை வாங்கினால் இந்தச் சிக்கல் வராது. இவ்வளவு இருந்தும், ஜாக்கெட் அணிந்த குழந்தைக்கு அருகில் ஒருவர் நீரில் நிற்க வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

எல்லா மிதவைகளுக்கும் பொதுவான ஒரு தீமையும் உண்டு. ஒரு நாள் முழுதும் மிதவையோடு இருந்த குழந்தைக்கு நீர் தன்னைத் தாங்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. தாங்கியது மிதவை என்று அதற்குத் தெரியாது. மறுநாள் காலை மிதவையின்றி அதே வேகத்தில் குதிக்கும். ஆகவே நீரிலிருக்கும் நேரத்தில் சிறிது பகுதியை மிதவை இல்லாமல், பெரியவரின் கைகளில், தன் எடை மூழ்குவதை அது உணரும்படி செலவிடுவது நல்லது. நீச்சல் உடையின் நிறமும் பயன்படும்: நீலமும் வெள்ளையும் நீருக்குள் கரைந்துவிடும், பளிச்சென்ற ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தெரியும். இருட்டிய பிறகும், நீர் கலங்கி அடித்தரை தெரியாதபோதும் எந்த உடையும் உதவாது. அப்போது இறங்கவே கூடாது. அடியிலுள்ள வடிகாலின் மூடி உடைந்திருந்தாலும் அப்படித்தான். அதன் உறிஞ்சு விசை முடியையோ கையையோ பிடித்திழுத்து வைத்துக்கொள்ளும்; இதற்காகவே அமெரிக்காவில் 2007இல் தனிச் சட்டம் வந்தது.

நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டால் இவையெல்லாம் வேண்டாமே என்று கேட்கலாம். கற்றுக்கொடுப்பது மிக நல்லது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முறையான நீச்சல் வகுப்புக்குப் போன ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் மூழ்கும் அபாயம் 88 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது; ஆய்வுக்கு உட்பட்டவர்கள் குறைவு என்பதால் அந்த எண்ணைத் துல்லியமானதாகக் கொள்ள முடியாது, ஆனால் திசை தெளிவு. சிறு குழந்தைகளுக்கு வகுப்பு வேண்டாம் என்று முன்பு சொல்லிவந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 2010இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற அரசுக் குளங்களில் கோடை வகுப்புகள் நடக்கின்றன. ஆயினும் ஏப்ரலில் சேர்த்து மே மாதப் பயணத்துக்குள் குழந்தை பாதுகாப்பாகிவிடும் என்று எண்ணக் கூடாது. அந்தச் சில நாட்களில் வருவது நீர்ப்பயம் விலகுவதும் சிறிது மிதப்பதும்தான். பயம் விலகி நீச்சல் வராத அந்த இடைக்காலம் கூடுதல் கவனம் வேண்டிய காலம். வகுப்பு அடுத்த பல ஆண்டுகளுக்கான முதலீடு. இந்த விடுமுறையின் காவலாக அதை எண்ண வேண்டாம்.

கிளம்பும் முன் வீட்டில் இருவராவது முதலுதவி கற்றிருக்க வேண்டும். மூழ்கிய குழந்தையின் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும், தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பதும் இன்றும் நடக்கின்றன. அவற்றால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும், பொன்னான நொடிகளும் வீணாகும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது காற்று. எனவே குழந்தை மூச்சு விடவில்லை என்றால், தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை மூச்சை ஊதித் தொடங்க வேண்டும். பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், மீண்டும் இரண்டு மூச்சு, என்று நிறுத்தாமல் தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். மற்றொருவர் அதே நேரத்தில் 108ஐ அழைத்து, சாலையில் போய் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட வேண்டும். உள்சாலையில் இருக்கும் வில்லாவுக்கு வண்டி வந்து சேர ஆகும் நேரத்தை எண்ணினால், படித்துத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், பொம்மையை வைத்துச் செய்து பழகும் வகுப்புக்கு ஒரு நாள் போவது ஏன் அவசியம் என்பது விளங்கும்.

வில்லாவை ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்களுக்கும் செய்வதற்குச் சில உண்டு. போய் இறங்கியதும் பெட்டியைப் பிரிக்கும் முன், குழந்தையை ஒருவர் இடுப்பில் வைத்துக்கொள்ள, மற்றொருவர் குளத்துக்குத் திறக்கும் ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் சோதிக்க வேண்டும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கையோடு கொண்டுபோன பூட்டைப் போட வேண்டும். கதவு திறந்தால் ஒலிக்கும் சிறு காந்த அலாரம் விலை மலிவு; பசையில் ஒட்டிக்கொள்ளும்; கதவைப் பூட்ட மறந்த நேரத்தில் அது ஒருவரையாவது எழுப்பும். நீண்ட கழியோ கயிறு கட்டிய வளையமோ குளத்தருகில் இருக்க வேண்டும். குழந்தையைக் காணோம் என்றால் முதலில் குளத்தைப் பார்ப்பது, பிறகே கட்டிலுக்கு அடியிலும் மாடியிலும் தேடுவது என்று எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும். இரவில் குளத்துப் பக்கத்துச் சாவி ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். கதவுகளைப் பூட்டவே வழியில்லாத வீடாக இருந்தால், உரிமையாளரிடம் பேசி வேறு வீடு கேட்கலாம். கிடைக்காவிட்டால் முன்பணத்தை விட்டுவிட்டு, பக்கத்திலேயே மாடி அறையுள்ள ஒரு விடுதிக்கு அன்றைக்கே மாறிவிடலாம்.